பூஜ்யமும் சரியான விடைதான்

ஜூன் 17, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வினோதினி ஸ்கூட்டர் வாங்கியபோதே சொன்னேன், கால் போகும் என்று. போயிற்று. மங்கை அக்கா மூத்த மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் கிளம்பும்போது சொன்னேன், நீ அங்கே போய் இறங்குவாய், இங்கே சின்னவளுக்கு ஏதாவது ஆகும் என்று. ஆயிற்று. கடைசியில் தாய்மாமன் தணிகாசலத்தைத்தான் கூப்பிட வேண்டிவரும் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஆனால் சொன்னேன்.

ஆம்பூரில் ரயில் ஏறி பெங்களூர் வந்தேன். டி.டி.ஆர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் வீட்டு மோட்டாருக்கு ஒரு காலத்தில் நான் காயில் கட்டியிருப்பேன். அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனும் ஆம்பூர்தான் என்பது வேறு விஷயம்.

கடையைப் பற்றிக் கவலை இல்லை. தணிகை மோட்டார் ஒர்க்ஸ் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. சில வாரம் காத்திருப்பார்கள். கிளம்புமுன் பூட்டைப் பார்த்துவிட்டு வரப் போனேன். சாவித் துளையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஆம்பூர்ச் சிலந்திகளுக்கு வேகம் அதிகம்.

வினோவுக்கு இடது காலில் முழங்கால் வரை கட்டு. ஏழாவது மாடி. ஒரே படுக்கையறை. எனக்கு ஹால். ஹால்தான் காற்றோட்டம்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் அடுப்படியில் இருந்தபோது வினோ உற்சாகமாக, "குட் மார்னிங், எப்படி இருக்கீங்க, தூங்கினீங்களா?" என்றாள். நானும் நன்றாகத் தூங்கினேன், தலையணை மட்டும் கொஞ்சம் உயரம், என் மனைவி குணவதி போன பிறகு இப்படி ஒரே மூச்சில் தூங்கியதே இல்லை என்று சொல்லிக்கொண்டே காபியோடு போனேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். காதில் கருப்பாக ஒன்று மாட்டியிருந்தாள். பேசியது கம்பெனி ஆளோடு.

மத்தியானமும் ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவள் "போதும், இதோட நிறுத்திக்கலாம்" என்றபோது முறுக்குச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அதுவும் எனக்குச் சொன்னதல்ல.

ஜூன் 19, புதன்

கத்திரிக்காய் சாம்பார். சாப்பிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

இன்றைக்கு வினோ தன் வேலையைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டாள். சரியாகச் சொன்னால், மேஜைமேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள், நான் "இன்னா கண்ணு?" என்றேன், அவள் சொன்னாள்.

அவள் செய்வது ஒரு சிப்பின் மூலையில் உட்காரும் சின்னப் பகுதி. வெயிலோ குளிரோ, பேட்டரி நிறைந்திருக்கட்டும் குறைந்திருக்கட்டும், அது ஒன்று புள்ளி இரண்டு வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பில் இருக்கும் மற்ற எல்லாம் அதைப் பார்த்துத்தான் அளந்துகொள்ளும். இரண்டு வருஷமாக இதே வேலை. ஜூலை 12-ஆம் தேதி முழு சிப்பின் வரைபடத்தையும் தயாரிப்புக்காகத் தைவானுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் இவளுடையது தயாராகாவிட்டால் வெளியில் வாங்கிய ஒன்றை அந்த மூலையில் பொருத்திவிடுவார்கள். இரண்டு வருஷமும் குப்பை.

"கட்டி முடிச்சிட்ட இல்ல? அப்புறம் இன்னா?"

"கட்டல மாமா. கம்ப்யூட்டர்ல கட்டிப் பாக்குறோம். முதல் படியிலயே நிக்குது. டிசி ஆப்பரேட்டிங் பாயிண்ட் கிடைக்கமாட்டேங்குது."

"அது எங்க கிடைக்கும்? எஸ்.பி. ரோட்டுல எல்லா பார்ட்ஸும் இருக்கும். நான் போய்ப் பாக்கட்டா?"

சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவை. பிறகு விளக்கினாள். கச்சேரி ஆரம்பிக்குமுன் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லையா, அப்படித்தானாம். சிக்னல் எதுவும் வருவதற்கு முன், ஒவ்வொரு முனையும் எத்தனை வோல்ட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது என்று மெஷின் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நேர்வழிக் கணக்கு கிடையாது. குத்துமதிப்பாக ஒன்றை வைத்து, தப்பு எவ்வளவு என்று பார்த்து, திருத்தி, மறுபடி பார்க்கும்.

"உப்பு போட்டுப் பாக்குற மாதிரி."

"அதேதான். ஆனா டிரான்சிஸ்டர் பொல்லாதது மாமா. ஒரு சிட்டிகை கூடினா குழம்பு கடலாயிடும். உடனே மெஷின் பயந்து அந்தப் பக்கம் எகிறும். அங்க உப்பே இல்ல. திரும்ப இந்தப் பக்கம். இப்படியே ஆடிட்டு, முடியலன்னு சொல்லிடும்."

எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. பத்தாவதில் ஒரே ஒரு மார்க்கில் கணக்கு போயிற்றே தவிர அறிவு போகவில்லை. திருத்தியவர் சரியில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பரணியோடு பேசினேன். என் மகன், ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கம்பெனி. நன்றாகப் பேசினான். மீட்டிங்கில் இருப்பதாகவும் அப்புறம் கூப்பிடுவதாகவும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமையும் அவனை விடமாட்டேன் என்கிறார்கள், அவ்வளவு முக்கியமான ஆள். பின்னால் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுகிற சத்தம் கேட்டது. அந்தக் கம்பெனியில் குழந்தைகளையும் அனுமதிக்கிறார்கள் போல.

ஜூன் 25, செவ்வாய்

இன்று முதல் நான் சிப் வேலையில் இறங்கிவிட்டேன்.

வினோவின் கால் விரல்கள் வீங்கிவிட்டன. உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான், காலை உயர்த்திப் படுங்கள் என்று டாக்டர் போனிலேயே திட்டினார். சோபாவில் மூன்று தலையணை அடுக்கிப் படுக்கவைத்தேன். மெஷினோ மேஜைமேல், பெரிய பெரிய இரண்டு திரையோடு.

"மாமா, கீபோர்டு அடிப்பீங்களா?"

"இன்னா வினோ இப்படிக் கேட்டுட்ட! ஆம்பூர் இ.பி. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் ஏத்தினதே நான்தான்."

உண்மை. வண்டியிலிருந்து மாடிக்கு ஏற்றினேன்.

"சரி, வேற வழியில்ல. நான் சொல்லச் சொல்ல அடிங்க. கீழருந்து மூணாவது வரி. என்ன போட்டிருக்கு?"

"எஸ்... டி... ஏ... ஆரு..."

"ஸ்டார்ட்அப். கரண்ட் வந்ததும் மத்ததைக் கிளப்பி விடுற பகுதி. அதுதான் வம்பு பண்ணுதோன்னு ஒரு சந்தேகம். அந்த வரியோட தொடக்கத்துல ஒரு ஸ்டார் போடுங்க. எட்டாம் நம்பருக்கு மேல இருக்கும். ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டே."

"ஸ்டார் போட்டா?"

"அந்த வரி இல்லாத மாதிரி. அங்கதான் இருக்கும், மெஷின் கண்டுக்காது."

"அட பாவமே."

"அடுத்த ரெண்டு வரிக்கும் போடுங்க."

மூன்று வரிக்கு மூன்று நட்சத்திரம். மூன்றாவதை ஒரே தட்டில் போட்டேன். பிறகு என்டர். திரையில் எழுத்து மடமடவென்று ஓடி நின்றது. கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நோ கன்வர்ஜென்ஸ், அதாவது விடை கிடைக்கவில்லை என்று வந்தது. பக்கத்தில் நெட் நாற்பத்தேழு என்று ஒரு முனையின் பெயர்.

"சரி, சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்றாள். இந்த முறை எனக்குத்தான் சொன்னாள். உறுதிப்படுத்திக்கொள்ள அவள் காதைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜூன் 26, புதன்

கீழே செக்யூரிட்டி முனிராஜு கிருஷ்ணகிரிக்காரர். தமிழ் பேசுகிறார். அவரிடம் என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"சிப்புன்னா உருளைக்கிழங்கா சார்?"

"யோவ், மொபைலுக்குள்ள இருக்குற சிப்புய்யா. முழுசும் என் பொறுப்பு. நேத்துகூட மூணு ஸ்டார் போட்டேன்."

"அப்படின்னா இன்ஸ்பெக்டரு ராங்க் சார் நீங்க."

நான் மறுக்கவில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போனபோது, "ஸ்டார் சார், குடை எடுத்துக்கங்க" என்றார். பெங்களூரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் ஆயிற்று. சொந்தப் பேர் இல்லைதான்.

ஜூன் 28, வெள்ளி

வெற்றி.

மூன்று நாளாக மெஷின் நெட் நாற்பத்தேழையே குறை சொல்லிக்கொண்டிருந்தது. நான் படித்துக்கொண்டே இருந்தேன். இன்று மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் ஸ்பூனை வைத்தாள். "மாமா, நாப்பத்தேழுன்னா சொன்னீங்க?"

"மூணு நாளா அதைத்தானே சொல்லிகினு கீறேன்."

"அது அந்தரத்துல தொங்குது! இந்தப் பக்கமும் கெப்பாசிட்டர், அந்தப் பக்கமும் கெப்பாசிட்டர். டிசிக்கு அது அறுந்த ஒயர் மாதிரி. தரைக்குப் போக வழியே இல்ல. அங்க எத்தனை வோல்ட்டுன்னு கேட்டா மெஷின் என்ன சொல்லும்? எத்தனை வேணாலும் இருக்கலாமே."

அந்த முனையிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர் போடச் சொன்னாள். மதிப்பு அடிக்க அடிக்கப் பூஜ்யம் நீண்டுகொண்டே போனது. "இவ்ளோ பெரிய ரெசிஸ்டர்ல கரண்ட்டே போவாதே வினோ?" என்றேன்.

"போகவேணாம். கட்டியிருக்குன்னு பேருக்கு ஒரு நூல் இருந்தா போதும். அப்புறம் அதுவா ஒரு இடத்துல நிக்கும்."

அதற்கப்புறம் வெளியே வரும் முனைக்கு ஒரு துப்பு. 'நீ ஒன்று புள்ளி இரண்டுக்குப் பக்கத்தில் இருப்பாய், அங்கிருந்து தேடு' என்று மெஷின் காதில் சொல்லிவைப்பது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு தேடும், பிறகு பிடியை விட்டுவிடும். விட்டபிறகும் சர்க்யூட் அங்கேயே நின்றால் சரி.

என்டர் தட்டினேன். நின்றது! ஒன்று புள்ளி இரண்டு பூஜ்யம் மூன்று. நான் படித்ததும் வினோ தலையணையைத் தூக்கி ஃபேனை நோக்கி வீசினாள். பழைய வினோ. சின்ன வயசில் ஆம்பூர் வந்தால் இப்படித்தான், குணவதி ஓடி ஓடி எடுத்துவைப்பாள்.

நாற்பத்தேழைப் பிடித்தது நான் என்று எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது கேட்டால் இருக்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

மழை. ரவா தோசை. மங்கை அக்கா மஸ்கட்டிலிருந்து பேசினாள். ஆண் குழந்தை. நான் முன்பே சொன்னேன்.

ஜூலை 2, செவ்வாய்

இதை எழுதலாமா என்று யோசித்தேன்.

காலையில் வினோவின் மேலதிகாரி ரகுநந்தன் லைனில் வந்தார். வினோ சோபாவில், நான் மேஜையில். அவர் பேசியது என் பக்கத்து ஸ்பீக்கரிலும் கேட்டது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அந்தத் துப்பை எடுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

வினோ தைரியமாக, "எடுங்க மாமா" என்றாள்.

அந்த வரியை அழித்தேன். என்டர். எழுத்து ஓடியது. இத்தனை நாள் நோ என்று வந்த இடத்தில் இன்று நோ இல்லை. கன்வர்ஜ்டு என்று பளிச்சென்று வந்தது. அதுவும் ஒரு நொடியில். இதுவரை இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை.

"ஆயிடுச்சு!" என்று கத்தினேன். நம்பர்களைப் பார்க்கவில்லை, யாருக்கு வேண்டும் நம்பர். செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி, தெருமுனைக் கடையில் மைசூர்பாகு வாங்கி, முனிராஜுக்குக் கொடுத்து, தோட்டத்தில் வேலை செய்த அம்மாவுக்கும் கொடுத்து, லிஃப்ட்டில் வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமும், "எங்க வீட்டுப் பொண்ணு சிப் பண்ணியிருக்கா" என்று ஒரு துண்டு நீட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. பயந்துபோய் வாங்கிக்கொண்டாள்.

மேலே வந்தால் வினோ திரையைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். லைன் கட்டாகியிருந்தது.

"ஸ்வீட் எடு கண்ணு."

"எல்லாம் பூஜ்யம் மாமா."

"இன்னாது?"

"எல்லா முனையும் பூஜ்யம். வெளிய பூஜ்யம். உள்ள பூஜ்யம். கரண்ட்டே இல்ல."

"ஆனா கன்வர்ஜ்டுன்னு போட்டானே?"

"பூஜ்யமும் சரியான விடைதான் மாமா." திரையைத் தொட்டுக் காட்டினாள். "இந்த சர்க்யூட்டுக்கு ரெண்டு விடை உண்டு. ஒண்ணு, எல்லாம் ஓடுது, ஒண்ணு புள்ளி ரெண்டு வோல்ட் வருது. இன்னொண்ணு, யாரும் யாரையும் தள்ளல, எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க. அப்பவும் கணக்கு ஒத்துப்போகும். ஒரு தப்பும் வராது. நான் காதுல சொன்னதாலதான் அன்னிக்கு அந்தப் பக்கம் போச்சு. நிஜ சிப்பு காதுல யாரு போய்ச் சொல்றது? போன்ல போட்டா அப்படியே செத்த மாதிரி கிடக்கும்."

ரகுநந்தன் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் வெளியில் வாங்கியதை வைத்துவிடுவார்களாம்.

மைசூர்பாகை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஜூலை 3, புதன்

வினோ காலை இட்லியைத் தொடவில்லை.

அவள் நேற்றுச் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. போன மாசம் ஆம்பூரில் வீட்டுக்கு மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வந்தார். அட்டையில் எழுதிவிட்டு, "இன்னா சார், யூனிட்டே ஏறல. ரெண்டு மாசமா ஊர்ல இல்லையா?" என்றார். ஆமாம், சென்னையில் ஒரு பெரிய கான்ட்ராக்ட், இப்போதுதான் வந்தேன் என்றேன்.

ஊரில்தான் இருந்தேன். 

மத்தியானம் வெண்டைக்காய் வறுவல்.

ஜூலை 4, வியாழன்

வினோ காலையிலிருந்து ஒரு பேப்பரில் சர்க்யூட்டை வரைந்து வரைந்து கசக்கிக்கொண்டிருந்தாள். என்னை டைப் அடிக்கக் கூப்பிடவில்லை. வீங்கின காலோடு தானே மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பேச்சுக்கு இழுத்துப் பார்த்தேன். ஒருமுறை மாவட்ட கலெக்டர் வீட்டு கிரைண்டர் ஓடாமல் போனதையும், மூன்று இன்ஜினியர்கள் கைவிட்ட பிறகு என்னைக் கார் அனுப்பிக் கூட்டிப்போனதையும் சொன்னேன்.

"மாமா, ப்ளீஸ். போன தடவை அது தாசில்தார் வீடு. கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அடுப்படியில் போய் நின்றேன். கீழே முனிராஜு யாருக்கோ சல்யூட் அடிப்பது ஜன்னலில் தெரிந்தது. எனக்கு அடிக்கும் சல்யூட்டைவிட அது சுமார்தான். அவருக்கு நான்தான் ஸ்டார் சார். அப்போதுதான் என் மூன்று நட்சத்திரங்களும் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றை நான் போட்டது மட்டும்தான் உண்டு, எடுத்தது கிடையாது. என் கைவேலை ஒன்று அந்த மெஷினுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு பெருமை. அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"வினோ, கோவிச்சுக்காத, ஒண்ணே ஒண்ணு. நான் போட்ட ஸ்டாரு இன்னும் அப்படியே கீதா?"

"எந்த ஸ்டாரு?"

"அதான், கிளப்பி விடுற வரிங்க மூணுக்கும் போடச் சொன்னியே."

பேனா நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கீழே கீழே போனாள். அங்கே இருந்தது, எஸ், டி, ஏ, ஆர். தலையில் என் நட்சத்திரம்.

"ஐயோ." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயோ மாமா. பரிசோதனைக்கு எடுத்தது. தொங்குற முனைதான் காரணம்னு தெரிஞ்ச அன்னிக்கே திரும்பச் சேத்திருக்கணும். துப்பு குடுத்ததும் நல்லா வந்துச்சா, மறந்தே போயிட்டேன். கிளப்பி விடுற ஆளையே வெளிய உக்கார வெச்சுட்டு, ஏன் எந்திரிக்கலன்னு கேட்டுட்டு இருக்கேன்."

மூன்றையும் அழித்தாள். துப்பு எதுவும் கொடுக்கவில்லை. கரண்ட்டை ஒரேயடியாகப் போடாமல் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அப்படி ஏற்றினால் மெஷின் ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றிக்கொண்டு வருமாம். திரையில் ஒரு கோடு ரொம்ப நேரம் தரையோடு தரையாகக் கிடந்தது. திடீரென்று எதுவோ உதைத்த மாதிரி எழும்பி, ஒன்று புள்ளி இரண்டில் போய் நின்றது. நின்றபிறகு கிளப்பி விட்ட பகுதி தானாக அணைந்துகொண்டது.

"அது ஏன் அணையுது?"

"அதோட வேலை முடிஞ்சுது மாமா. அப்புறமும் ஓடிட்டே இருந்தா கரண்ட் வீண். ஒதுங்கிக்கணும்."

"கெட்டிக்காரப் பார்ட்டுதான்" என்றேன்.

மைசூர்பாகை எடுத்துவந்தேன். கல்லாக இருந்தது. இரண்டு பேரும் கடித்தோம்.

ஜூலை 5, வெள்ளி

ரகுநந்தன் ஒப்புக்கொண்டார். வினோவின் பகுதி சிப்பில் இருக்கிறது. ஆபீசே என்னைப் பற்றித்தான் பேசியிருக்கும்.

ஜூலை 8, திங்கள்

பீர்க்கங்காய்த் துவையல். சூடு, குளிர், குறைந்த பேட்டரி என்று எல்லா நிலைமையிலும் ஓட்டிப் பார்க்கிறாள். எங்கே ஓட்டினாலும் நிற்கிறது. படித்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது.

ஜூலை 10, புதன்

கட்டுப் பிரித்தார்கள். கால் மெலிந்து வெளிறியிருந்தது. நடக்கப் பழக இன்னும் மாசக்கணக்கில் ஆகும், கூட ஒரு ஆள் இருந்தே தீர வேண்டும் அல்லவா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, நன்றாக நடக்கலாம், ஒரு வாரம் படி மட்டும் வேண்டாம் என்றார். இந்தக் காலத்து டாக்டர்களுக்கு அனுபவம் போதாது.

ஜூலை 12, வெள்ளி

சிப் போய்விட்டது. வினோ காலையிலேயே கார் வைத்து ஆபீசுக்குப் போனாள். நான் தனியாக இருந்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். திரை கருப்பாக இருந்தது. எட்டாம் நம்பரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

திரும்பி வந்தபோது முகத்தில் கேக் ஒட்டியிருந்தது. "அம்மா பதினாறாம் தேதி வர்றாங்க மாமா" என்றாள். அக்கா வந்தால் ஹால் வேண்டும். எனக்கும் ஊரில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. நானே டிக்கெட் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். திங்கட்கிழமை. ஜன்னல் ஓர சீட்.

ஜூலை 15, திங்கள். ஆம்பூர்

வந்து சேர்ந்தேன்.

கிளம்பும்போது ஒரு காட்சி. வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் வினோ ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். லேசாக நொண்டிக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க என் பையைத் தானே தூக்கி வந்தாள். ரயில் வந்ததும் பையைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, "போகாதீங்க மாமா. இங்கயே இருந்துடுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்ல கண்ணு, கடையில கஸ்டமருங்க காத்துகினு கீறாங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன். ரயில் கிளம்பியும் கூடவே நடந்துவந்தாள்.

பேனாவில் மை தீர்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

ரசம். மிச்சம் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

திங்கட்கிழமை எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அந்த முந்தானை அம்மா பிரமாதம்.

மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், மனுஷன் எழுதுவது அப்படித்தான். ஆனால் "இங்கயே இருந்துடுங்க" என்று வினோ சொல்லவில்லை. அதை நான் போட்டேன். அவள் ஸ்டேஷனுக்கே வரவில்லை. அவள்மேல் தப்பில்லை, வேலை நாள், சிப் போனாலும் மீட்டிங் போகவில்லை.

நான் பையை மாட்டிக்கொண்டு அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் ஏழெட்டு முகங்கள். என்னைப் பார்த்தாள். ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, காதில் இருந்ததை ஒரு பக்கம் மட்டும் கழற்றினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் பையைக் கீழே வைத்தேன்.

"மாமா, குக்கர் வெயிட்டை எங்க வெச்சீங்க?"

"மேல் தட்டுல, கடுகு டப்பா பக்கத்துல" என்றேன்.

"ஓகே மாமா. பாத்துப் போங்க."

பையை எடுத்துக்கொண்டேன்.